திரும்பி வருவதற்கு ஒரு பேரல்

ஜூன் 13

ஐஸ் கம்பெனிக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. ஏப்ரல் பாதிவரை இதில் லோடும் வாடகையும் எழுதினேன். மீன்பிடித் தடைக்காலம் வந்ததும் எழுத ஒன்றுமில்லாமல் போனது. எங்கள் ஊர் சின்னமுனையில் விசைப்படகெல்லாம் கயிற்றில் கிடந்தன. என் குட்டியானை வண்டி வேப்பமரத்தடியில் கிடந்து காக்கை எச்சம் வாங்கியது.

நாளை மறுநாள் கடல் திறக்கிறது. எங்கள் போட்டு ‘அடைக்கல அன்னை’ பெயின்ட் அடித்து நிற்கிறது. என் நகையை விற்று வாங்கியதால் என் பேரில் இருக்கிறது. கரை வேலையெல்லாம் என் வீட்டுக்காரர் எமரிட் பார்க்கிறார். கடலுக்கு ஓட்டிக்கொண்டு போவது என் தம்பி நிக்சன். அவன் பிடித்து வருவதைப் பரமக்குடி மார்க்கெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவது நான். பொம்பளை ஓட்டும் வண்டிக்கு ஐஸ் ஏற்றமாட்டேன் என்று முதலில் சொன்னவர்தான் இந்த டைரியைக் கொடுத்தவர்.

ஜூன் 14

டீசல் பிடிக்கும் நாள். மீனவர் பங்க் ஜெட்டியிலேயே இருக்கிறது. போட்டுப் புத்தகத்தைக் காட்டினால் வரியில்லாமல் ஊற்றுவார்கள். ரோட்டு பங்க்கில் விற்கும் டீசலில் ரோடு போடுவதற்கென்றே ஒரு வரி சேர்ந்திருக்கிறதாம். கடலில் எங்கே ரோடு இருக்கிறது என்று எங்கள் சங்கம் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நியாயமான கேள்வி.

என்னைக் கேட்டால் என் வண்டிக்கும் அதே நியாயம்தான். மீன் கரைக்கு வந்ததும் நின்றுவிடுமா? போட்டு பாதி தூரம் கொண்டுவருகிறது, மீதி தூரம் நான் கொண்டுபோகிறேன். போட்டு டீசலில் ஒரு கேன் வண்டிக்கு வருவதைத் திருட்டு என்பவன் மீனே தின்னாதவனாக இருக்க வேண்டும். எங்கள் ஊர் ரோட்டில் ஒரு தடவை போய்வந்தவன் அதற்கு வரி கேட்க வெட்கப்படுவான்.

இந்தத் தடவை கேன் போதாது. தடைக்காலம் முடிந்த முதல் வாரம் மீனுக்கு விலை கிடைக்கும். ஒரு நாளைக்கு இரண்டு நடை அடிக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

போட்டின் பின்பக்கம் ஒரு பேரல் தனியாகக் கட்டியிருக்கும். திரும்பி வருவதற்கான டீசல். டேங்க் தீர்ந்தால் மட்டும் திறப்பது. எனக்குத் தெரிந்து யாரும் அதைத் திறந்ததில்லை. அது நின்றால்தான் போட்டின் பின்பக்கம் தாழ்ந்து ஒழுங்காக ஓடும். நிக்சன் ஒவ்வொரு தடவை புறப்படும்போதும் அதைத் தொட்டு விரலை உதட்டில் வைத்து முத்துவான். மாதா சுரூபத்தைக்கூட அப்புறம்தான் தொடுவான்.

மத்தியானம் முழுக்கக் கொல்லைக் குழாயில் வேலை. ஓஸ் பிடித்து நின்றதில் சேலை முழங்கால்வரை நனைந்துவிட்டது. தண்ணீர் நூலாக வருகிறது. ஒரு பேரல் நிறைவதற்குள் கை மரத்துவிட்டது.

சாயங்காலம் போட்டு டேங்க் நிரப்பி, பின்பக்கத்துப் பேரலையும் ஏற்றிக் கட்டியாயிற்று. எங்கள் கொல்லையில் ஒரு பேரல் டீசல் சாக்குப் போர்த்தி நிற்கிறது. நிம்மதியாகத் தூங்கலாம்.

ஜூன் 15

பாதர் வந்து கடலை மந்திரித்தார். நிக்சன் பேரலைத் தட்டிப் பார்த்து, விரலை முத்திவிட்டு, என்னைப் பார்த்துக் கை காட்டினான். அவன் பெண்டாட்டி ஜெனோவா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

“மச்சான், பேரலு செம கனமா நிக்கிதே” என்று இவரிடம் கத்தினான்.

“கனமா இல்லாம காத்தையா அடைச்சு வைப்பாங்க, போடா” என்றார் இவர். எல்லோரும் சிரித்தோம்.

ஜூன் 18

நினைத்தபடியே நடக்கிறது. இறாலும் நண்டும் நல்ல பாடு, வலை நிறைய வருகிறது. நேற்று இரண்டு நடை, இன்று இரண்டு நடை.

போகும்போது சத்திரக்குடி தாண்டி ரெவின்யூ ஆட்கள் வண்டிகளை நிறுத்தி டேங்க்கில் கண்ணாடிக் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேஷன் மண்ணெண்ணெயை டீசலில் கலந்து ஓட்டுகிறார்கள் என்று புகாராம். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டுத்தான் அனுப்புவார்கள், வண்டிக்குள் போனால் காட்டிக்கொடுக்க. முன்னால் நின்ற லாரிக்காரன் வியர்த்துக் கொட்டினான்.

என் டேங்க்கிலும் குழாய் விட்டார்கள். சுத்தமான டீசல்.

“எங்கம்மா போட்டீங்க?” என்றார் அதிகாரி.

“பங்க்குலதான் சார்.”

“பில் வச்சிருக்கீங்களா?”

“மீன் தண்ணியில கசங்கிப் போச்சு சார். மீன் பொட்டிக்கு அடியில கெடக்கும். எடுத்துத் தரவா?”

மூக்கைப் பொத்திக்கொண்டு கையை ஆட்டிப் போகச் சொன்னார். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. கடல் டீசலுக்கும் ரோட்டு டீசலுக்கும் நிறம் ஒன்றுதான். பரமக்குடி வரை சிரித்துக்கொண்டே போனேன்.

ஜூன் 21

திருப்பலி. ஜெனோவாவுக்கு ஒரு நைட்டி எடுத்துக் கொடுத்தேன். “எதுக்கு மைனி” என்றாள். வாங்கிக்கொண்டாள்.

ஜூன் 24

காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு போட்டுகள் போயின. மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பியிருக்கிறது. கச்சானில் போவது சுலபம், தள்ளிக்கொண்டு போய்விடும். வருவதுதான் பாடு. எதிர்க்காற்றில் டீசல் குடிக்கும்.

இவர் இன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. காற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றார்.

ஜூன் 25

எல்லாப் போட்டும் வந்துவிட்டன. அடைக்கல அன்னை வரவில்லை.

வண்டியை எடுக்கவில்லை. ஐஸ் கரைந்து போனது.

ஜூன் 26

மத்தியானம் சங்கத் தலைவர் பெர்னபாஸுக்குப் போன் வந்தது. எல்லை தாண்டியதாக இலங்கை நேவி போட்டைப் பிடித்திருக்கிறது. நிக்சனும் நான்கு ஆட்களும் அக்கரையில் இருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை.

ஜெனோவா ஜெட்டியிலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் தூக்கிவிட்டேன். உயிர் இருக்கிறதல்லவா, அது போதும் என்று சொன்னேன். நானும் அதைத்தான் நினைத்தேன்.

ஜூன் 28

ஜெனோவா வீட்டில் சோறாக்கிக் கொடுத்தேன். நிக்சன் அங்கிருந்து இரண்டு நிமிஷம் போன் பேசினானாம். டேங்க் தீர்ந்து, எஞ்சின் நின்று, காற்று அந்தப் பக்கம் தள்ளிவிட்டதாம். தெரிந்து தாண்டவில்லையாம்.

“மைனி, பேரல் இருந்துச்சுல்ல? அதைத் தொறந்து ஊத்துனாங்களாம். ஊத்துனதும் எஞ்சின் ரெண்டு மொறை இருமிட்டு நின்னு போச்சாம். அதெப்பிடி மைனி?”

“எனக்கென்னடி தெரியும். நான் வண்டிக்காரி. போட்டு சமாச்சாரம் ஒன் அண்ணன்கிட்ட கேளு.”

அவள் இவரிடம் கேட்கவில்லை. குழம்பில் புளி கூடிவிட்டது. பிள்ளை சாப்பிடவில்லை.

ஜூன் 29

இவரிடம் கேட்டேன், கேட்காமல் எப்படி இருப்பது. கரையில் இத்தனை வருஷம் இருப்பவருக்கு இது தெரியாதா? ஒரு வார்த்தை அவனிடம் சொல்லியிருக்கலாமே?

“சொல்லணும்னுதான் இருந்தேன். முதத் தடவை போயிட்டு வரட்டும், அப்பறம் டீசல் ஊத்தி வச்சிருவோம்னு இருந்தேன். நீதான் தெனம் ரெண்டு நடைன்னு எடுத்து ஊத்திக்கிட்டே இருந்த.”

“நான் கேட்டா குடுத்துர்றதா? ஒங்க புத்தி எங்க போச்சு? கடலுக்குப் போறவன் என் தம்பில்ல?”

“அதை அன்னைக்கு ஓஸைப் புடிச்சுட்டு நின்னப்ப யோசிச்சிருக்கணும்.”

ஆம்பளைகள் எதையும் பெண்கள் தலையில் கட்டக் கூசமாட்டார்கள். இவருக்கும் எனக்கும் இனிப் பேச்சு இல்லை. மறுபடி பேச இரண்டு நாளாவது ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 2

அக்கரை வக்கீல் போன் செய்தார். சங்கம் ஏற்பாடு செய்த தமிழ் வக்கீல். அவர்கள் தமிழைக் கவனித்துக் கேட்க வேண்டியிருந்தது.

“படகு உங்கட பேரிலதானே அம்மா?”

“ஆமா சார்.”

“உங்கட தம்பி எண்ணெய் முடிஞ்சு, காத்தில அடிபட்டு வந்தவர் எண்டு சொல்லுறார். நான் நம்புறன். ஆனா கோர்ட்டில அது மட்டும் காணாது. உங்கட பங்க் பில்லைப் பாத்தா எண்ணெய் முழுசா ஏத்தியிருக்கு. பிறகு எப்பிடி முடிஞ்சது எண்டு கேப்பினம். படகுச் சொந்தக்காரர் ஒரு சத்தியக்கடதாசி தந்தா நல்லது. எவ்வளவு எண்ணெய் ஏத்தினது, மிச்சம் எங்க போனது எண்டு உண்மையைச் சொன்னாக் காணும். தெரியாம வந்தவர் எண்டு ஆளை விடுவிக்கலாம்.”

“எழுதலைன்னா?”

“ஓட்டினவருக்கு ஆறு மாசம் கிடைக்கும் அம்மா. மற்றவையை அனுப்பிப்போடுவினம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. மரியாதையான மனுஷன்.

ஜூலை 4

சங்கக் கூட்டம். இவர் முன்னமே பெர்னபாஸ் தலைவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார் போல. கூட்டம் முடிந்து தலைவர் என்னை இருக்கச் சொன்னார். பத்துப் பதினைந்து போட்டுக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள்.

“செலஸ்தி, நீ மனசுல வச்சிருக்கிறது எங்களுக்குத் தெரியும். தப்பில்ல. தம்பி பாசம். ஆனா ஒண்ணு யோசி. போட்டு டீசலு ரோட்டுக்குப் போச்சுன்னு நீ கையெழுத்துப் போட்டா, அது ஒன் போட்டோட நிக்காது. இங்க எந்தப் போட்டுல கேன் எறங்கல? நாளைக்கு அதிகாரி வந்து எல்லாப் புத்தகத்தையும் புடுங்கிட்டுப் போவான். வரி போட்ட டீசலை ஊத்தி நம்மளால ஒரு நாளு கடலுக்குப் போக முடியுமா?”

“அவன் ஜெயில்ல கெடக்கணுமா தலைவரே?”

“ஆறு மாசம். உள்ள போனவன் வந்துருவான். டீசலு போச்சுன்னா திரும்பி வராது.”

சுவரோரம் நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அதில் நிக்சனுக்கு வலை கட்டக் கற்றுக்கொடுத்தவரும் இருந்தார். நிக்சனின் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் ஞானத் தகப்பனாக நின்றவரும் இருந்தார். கடலில் எங்கே ரோடு இருக்கிறது என்று கேட்கும் சங்கம் இதுதான்.

எழுந்து வந்துவிட்டேன். கட்டாயம் எழுதிக் கொடுக்கிறேன் என்று வாசலில் நின்று சொன்னேன். எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

ஜூலை 6

இன்றைக்கு ராமநாதபுரம் போய் எழுதிக் கையெழுத்துப் போடுவதாக இருந்தேன். அடுத்தவர் போட்டு மீன் ஏற்ற ஒருத்தன் கூப்பிட்டான். நமக்கு இப்போது போட்டு இல்லை, கிடைத்த வாடகையை விட முடியாது. நாளைக்குப் போகலாம்.

ஜூலை 7

காய்ச்சல்.

ஜூலை 9

வக்கீல் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். வண்டி ஓட்டும்போது எடுக்க முடியவில்லை. போலீஸ் பிடிக்கும்.

ஜூலை 11

இவரைப் பெர்னபாஸ் தலைவர் தன் போட்டுக்குக் கரை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். சம்பளமும் பங்கும். போட்டு போன பிறகு இவர் மூலையில் உட்கார்ந்து கிடந்தார், பார்க்கச் சகிக்கவில்லை. போகட்டும். தலைவர் நல்ல மனுஷர் இல்லை, ஆனால் அவர் கொடுக்கும் வேலை நல்ல வேலைதான்.

ஜெனோவா வந்தாள். உள்ளே வரவில்லை.

“மைனி, வக்கீலு எனக்குப் போன் பண்ணுனாரு. ஒங்க கையெழுத்து ஒண்ணு வேணுமாம். என்ன கையெழுத்துன்னு சொல்ல மாட்டேங்குறாரு. அக்காட்டயே கேளுங்கன்னாரு.”

“போடத்தாண்டி போறேன். பத்தரம் வாங்க வேணாமா, நோட்டரி வேணாமா? அதெல்லாம் ஒடனே நடக்குமா?”

“எப்ப போவிங்க?”

“திங்கக்கெழம.”

“நானும் வரவா?”

வேண்டாம், பிள்ளையை வைத்துக்கொண்டு அலையாதே என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு கொல்லைப் பக்கம் பார்த்தாள். சாக்குப் போர்த்திய பேரல் நின்றது. அவளுக்கு என்ன தெரிந்திருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது.

ஜூலை 13

ராமநாதபுரம் போனேன். இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால் நான் போனேன் என்று தெரிந்துகொள்ளட்டும். நோட்டரி ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தினேன். உள்ளே கூட்டமாக இருந்தது. உட்கார்ந்திருந்தேன். என்னம்மா விஷயம் என்று குமாஸ்தா கேட்டார். போட்டு விஷயம் என்றேன். என்ன எழுத வேண்டும் என்றார்.

சொல்ல ஆரம்பித்தால் பேரல் என்று ஆரம்பிக்க வேண்டும். அப்புறம் பேரலில் என்ன இருந்தது என்பார். அப்புறம் யார் ஊற்றியது என்பார். அத்தனை பேர் நடுவில்.

பத்திரம் மறந்துவிட்டேன், எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து வந்தேன். இனி அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். வெளியுறவு, தூதரகம் என்று எத்தனையோ இருக்கிறது. ஒரு வண்டிக்காரியின் கையெழுத்திலா எல்லாம் நிற்கிறது?

ஜூலை 22

நிக்சனுக்கு ஆறு மாதம். மற்ற நான்கு பேரும் விடுதலை. போட்டு அரசுடைமை.

ஜெனோவா வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 8

விடுதலையான நால்வரும் ஊருக்கு வந்தார்கள். ஜெட்டியில் மாலை போட்டார்கள். பெர்னபாஸ் தலைவர் மைக்கில் பேசினார். நம் மீனவர்மேல் கை வைத்தவர்கள் என்றெல்லாம் பேசினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் மிக்கேல் வந்தான். எங்கள் போட்டில் எஞ்சின் பார்க்கிறவன். சொல்லாமல் போகமாட்டான் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அவன் உட்காரவில்லை.

“டேங்க் தீந்ததும் நிக்சன் அண்ணன்தான் பேரலைத் தொறந்தாரு. மூடிக்கிட்ட டீசல் வாடைதான் அடிச்சுச்சு, இருட்டுல ஒண்ணும் தெரியல. ஊத்துனதும் எஞ்சின் செத்துருச்சு. விடிஞ்சப்பறம் கையில எடுத்து நக்கிப் பாத்தேன். தண்ணி. கடத் தண்ணி இல்லக்கா. உப்பு இல்ல. கொழாத் தண்ணி.”

நான் அவனுக்குப் போட்ட நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாத்தினேன்.

“அண்ணனும் குடிச்சுப் பாத்தாரு. ரொம்ப நேரம் பேரலு மேலயே கைய வச்சுட்டு ஒக்காந்திருந்தாரு. நேவிக்காரன் வந்தப்பதான் எந்திரிச்சாரு.”

“கோர்ட்டுல சொல்ல வேண்டியதுதானடா, தண்ணி இருந்துச்சுன்னு?”

“சொல்லலக்கா. வக்கீலு ஒங்க கடுதாசிக்காகத் தவண வாங்கிட்டே இருந்தாரு. ரெண்டாவது மொறையும் வரலேன்னதும் அண்ணன் எந்திரிச்சு, மீனு தேடித் தெரிஞ்சேதான் வந்தேன்னுட்டாரு. நாங்க கேட்டோம், ஏன்னே இப்பிடிச் சொன்னீங்கன்னு. போட்டு அக்கா பேருல இருக்குடா, ஒண்ணைச் சொன்னா எல்லாத்தையும் தோண்டுவாங்கன்னாரு.”

மிக்கேல் போன பிறகு கொல்லைக்குப் போனேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வாஷர் தேய்ந்துவிட்டது. மாற்றச் சொல்லி இவரிடம் எத்தனை தடவை சொல்லியாயிற்று.

ஆகஸ்ட் 9

மிக்கேல் ஜெனோவாவிடமும் சொல்லியிருக்கிறான். காலையில் என் வாசலில் அந்த நைட்டி மடித்து வைத்திருந்தது. ஒரு தடவைகூடப் போடவில்லை. விலைச் சீட்டு அப்படியே தொங்கியது.

ஆகஸ்ட் 15

மாதா திருநாள். பூசையில் எனக்குப் பக்கத்துப் பெஞ்சு காலியாக இருந்தது.

ஆகஸ்ட் 20

கொல்லைப் பேரல் தீர்ந்துவிட்டது. உருட்டி ஜெட்டிக்கு அனுப்பிவிட்டேன். அந்த இடத்தில் மண் கறுப்பாக வட்டமாக இருக்கிறது. சாணம் போட்டு மெழுகிப் பார்த்தேன். போகவில்லை.

இன்றுமுதல் ரோட்டு பங்க்கில்தான். இது சத்தியம். எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 21

பங்க்கில் டீசல் போட்டேன். மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதில் ரோட்டுக்கு எவ்வளவு என்று கேட்டேன். எனக்குத் தெரியாதுக்கா, நீங்க லைன்ல நிக்காதிங்க என்றான் அந்தப் பையன்.

திரும்பி வரும்போது சத்திரக்குடி பக்கம் அந்த ரெவின்யூ ஆட்கள் நின்ற இடத்தைத் தாண்டினேன். மண்ணெண்ணெய்க்குச் சாயம் போடத் தெரிந்தவர்களுக்கு எங்கள் டீசலுக்கு ஒரு சாயம் போடத் தெரியவில்லை. பச்சையோ சிவப்போ ஏதோ ஒன்று. போட்டிருந்தால் ஜூன் பதினெட்டில் நான் பிடிபட்டிருப்பேன். வண்டியைப் பிடுங்கியிருப்பார்கள். இவரைத் திட்டிக்கொண்டே அபராதம் கட்டியிருப்பேன். தம்பியின் பேரலில் அன்றைக்கே டீசல் ஊற்றியிருப்போம். அவன் இப்போது வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பான்.

குற்றம் அரசாங்கத்தினுடையதுதான். நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

செப்டம்பர் 14

வாடகை கட்டுப்படியாகவில்லை. மற்ற வண்டிக்காரர்கள் கடல் டீசலில் ஓட்டி வாடகையைக் குறைத்துக் கேட்கிறார்கள். அவர்களோடு நான் எப்படி ஓட்டுவது? நேர்மை எல்லோருக்கும் சேர்ந்து வந்தால்தான் நேர்மை. தனியாக ஒருத்திக்கு வந்தால் அது தண்டனை.

அக்டோபர் 3

நிக்சனுக்கு ஜெயிலில் வேலை கொடுத்திருக்கிறார்களாம். தோட்ட வேலை. பதினான்கு வயதிலிருந்து கடலுக்குப் போனவன் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விடுகிறான். ஜெனோவா யாரிடமோ சொல்லி, அவர்கள் யாரிடமோ சொல்லி எனக்குத் தெரிந்தது.

அவளுக்குப் பிள்ளையின் பேரில் கொஞ்சம் பணம் அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது.

அக்டோபர் 19

மழை. டீசல் தீர்ந்து வண்டி பாலத்தருகே நின்றுவிட்டது. பங்க் வெகுதூரம். இவர் தலைவர் போட்டிலிருந்து ஒரு கேன் கொண்டுவந்து ஊற்றினார். ஆபத்துக்குத்தானே. வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு வர முடியுமா?

நவம்பர் 6

ஒரு கேன்.

நவம்பர் 11

இவர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். வேண்டாம் என்று சொல்ல ஆளே இல்லை. கேனை வெயிலில் வைக்கக் கூடாது என்று ஊற்றினேன்.

டிசம்பர் 3

இந்த மாதம் எழுத ஒன்றுமில்லை. வண்டி ஓடுகிறது.

டிசம்பர் 21

நன்னடத்தைக்காக நிக்சனை முன்னாடியே விடுகிறார்கள். இருபத்தொன்பதாம் தேதி மண்டபம் ஊருக்குக் கொண்டுவந்து ஒப்படைப்பார்களாம். இவர்தான் வந்து சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

வீட்டை வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். கொல்லையில் அந்தக் கறுப்பு வட்டத்தின்மேல் துணி துவைக்கும் கல்லைப் புரட்டிப் போட்டேன். குழாய்க்கு வாஷர் மாற்றியாயிற்று, நானே மாற்றினேன்.

டிசம்பர் 25

ஜெனோவா பூசையில் என்னைத் தாண்டிப் போனாள். பிள்ளை மட்டும் அத்தை என்றது. அவள் கையை இழுத்தாள்.

டிசம்பர் 28

நாளைக்கு அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். நோட்டரி ஆபீஸ் வரை போனதைச் சொல்வேன். காய்ச்சலைச் சொல்வேன். அவன் என் தம்பி. அம்மா செத்தபோது அவனுக்கு மூன்று வயது. இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்தவள் நான். கேட்டுக்கொள்வான்.

வண்டியில் டீசல் குறைவாக இருக்கிறது. காலையில் போகும் வழியில் ரோட்டு பங்க்கில் போட்டுக்கொள்ள வேண்டும். மறக்கக் கூடாது.

டிசம்பர் 29

எழுந்து பார்த்தபோது இவர் முன்னாடியே வண்டிக்கு ஊற்றி வைத்திருந்தார். “அவன் வர்ற அன்னைக்கு வழியில நிக்கக் கூடாதுல்ல” என்றார். இரண்டு கேன் காலியாகக் கிடந்தது. நேரமாகிவிட்டது. சண்டை போட இன்றைக்கு நாள் இல்லை என்று புறப்பட்டேன்.

மண்டபத்தில் வெயில். சங்கத்து ஆட்கள் மாலையோடு நின்றார்கள். ஜெனோவா பிள்ளையோடு பஸ் ஸ்டாப் நிழலில் தனியாக நின்றாள். மீன்வளத்துறை வேனிலிருந்து நிக்சன் இறங்கினான். இளைத்திருந்தான். தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தது. கடலுக்குப் போகாததால் தோல் வெளுத்துப்போய், யாரோ ஆபீஸ்காரன் மாதிரி இருந்தான். பிள்ளையைத் தூக்கினான். ஜெனோவா காதில் ஏதோ சொன்னாள். பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு நேராக என் வண்டிக்கு வந்தான்.

“நல்லாருக்கியாக்கா?”

“ஏறுடா. வீட்டுக்குப் போவோம். நண்டு வாங்கி வச்சிருக்கேன்.”

கதவில் கை வைத்தான். ஏறவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் டேங்க் அருகே நின்றான். மூடியின்மேல் கையை வைத்தான், புறப்படும்போது பேரலைத் தொடுவானே, அப்படி. விரலை முத்தவில்லை.

“வண்டிக்கு எங்கக்கா டீசல் போட்ட?”

சொல்ல வேண்டியதையெல்லாம் வழி நெடுக மனதில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். நோட்டரி, குமாஸ்தா, காய்ச்சல். அவன் அதில் எதையும் கேட்கவில்லை.

“பங்க்குலதாண்டா.”

“எந்த பங்க்கு?”

“ரோட்டு பங்க்கு. ஆகஸ்ட்லேருந்து அங்கதான் போடுறேன். பூரா வரியும் கட்டி.”

டேங்க்கைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரியாது. என் முகத்தைப் பார்த்தான். அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடினேன்.

“சரிக்கா” என்றான். கோபமே இல்லை. “நீ முன்னாடி போ. நாங்க பஸ்ல வந்துருவோம்.”

“எதுக்குடா பஸ்ஸு? வண்டி நிக்கிது.”

“ஜெனோவா சில்லறை வச்சிருக்காக்கா.”

பஸ் வந்தது. மூன்று பேரும் ஏறினார்கள். ஜன்னலோரம் பிள்ளை உட்கார்ந்தது. எனக்குக் கை காட்டியது. யாரும் அதன் கையை இழுக்கவில்லை.

பஸ் போனபிறகு சாவியைத் திருப்பினேன். டீசல் முள் மெதுவாக ஏறி முழுசில் நின்றது. பரமக்குடி போய்வந்தாலும் மிச்சமிருக்கும்.